பயனாளிகள்: பூஜ்யம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் விண்ணப்பத்தில் முதல் பக்கத்தை மட்டும் படித்தேன். படித்த அரைகுறையை மேடையில் சொல்லி, ஓர் அரங்கமே அவளைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தேன். கடைசி வரிசையில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார்.

இதுதான் நான் செய்தது. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

இந்தப் பத்தியில் வாரா வாரம் யாருடைய தப்பையாவது எழுதிவிடுகிறேன். ஆட்டோக்காரர், அபார்ட்மென்ட் செயலாளர், மெட்ரோவில் ஸ்பீக்கர் போட்டுப் பேசும் இளைஞர்... என் மனைவி சரோஜாகூட நாலைந்து முறை மாட்டியிருக்கிறாள். இந்த வாரம் என் முறை.

மறந்தே போயிருந்த விஷயம் இந்த ஜனவரியில் வீடு தேடி வந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்.

ஜனவரியில் பெங்களூர்க்காரன் என்ன சாப்பிடுவான்? அவரைதான். உப்புமாவில் அவரை, தோசையில் அவரை, குழம்பில் அவரை. அதிலும் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக இரண்டு விரலால் அமுக்கி, தோலைக் கழற்றி எடுக்கிற பிதுக்கு பருப்பு என்றால் எங்கள் ஜோகுபாளையத்தில் சமாதானமாகாத சண்டையே கிடையாது. ஆனால் பிதுக்குவது யார்? ஒரு கிண்ணம் பருப்புக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சரோஜா அந்த வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

வைட்ஃபீல்டில் இருக்கும் என் மகள், தன் அபார்ட்மென்டுக்கு வருகிற பிதுக்கு பருப்பில் ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருந்தாள். சரோஜா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, சொகடு நன்றாக இருக்கிறது என்றாள். அவரையின் அந்த எண்ணெய் வாசனைக்கு இங்கே தமிழர்களும் கன்னட வார்த்தையைத்தான் சொல்வோம்.

நான் மூடியைப் பார்த்தேன். சின்னதாக ஒரு ஸ்டிக்கர். 'பிதுக்கியவர்: ஸ்டெல்லா. மூன்றாம் பெட்டி, ஜன்னல் பக்கம். மாரிகுப்பம் – வைட்ஃபீல்ட், காலை ரயில்.'

கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன். அவரை, ரயில், மாரிகுப்பம்... இந்த மூன்றையும் சேர்த்து நான் ஏற்கெனவே ஒரு காகிதத்தில் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில்.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் வணிகவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் கல்லூரி என்னை வருடா வருடம் நடுவராகக் கூப்பிடும். கல்லூரி மாணவர்களுக்கான போட்டி அது — தானமாக இல்லாமல் தொழிலாக நடத்தி, வறுமையைக் குறைக்க ஒரு வழி சொல்ல வேண்டும். ஜெயிக்கிற அணிக்குக் கல்லூரியில் ஒரு வருடத்துக்கு ஓர் அறையும் குளிர்பதன வசதியும் கிடைக்கும். பிறகு பல நாட்டு மாணவர்களோடு இறுதிச் சுற்று.

விண்ணப்பப் படிவத்தைத் தயாரித்தவனும் நான்தான். முதல் பக்கத்தின் நடுவில் பெரிதாக ஒரு கட்டம்: 'பெனிஃபிஷியரிஸ் — எத்தனை பேர்?' பயனாளிகள். எல்லா அணிகளும் அதைத் தாராளமாக நிரப்பியிருந்தன. ஐயாயிரம், ஐம்பதாயிரம். ஓர் அணி ஒரு லட்சம்.

எஸ்தர் என்ற பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி மட்டும் பூஜ்யம் போட்டிருந்தாள்.

கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில் இருந்து தினமும் ரயிலில் வந்து படிக்கிற பெண். மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். நான் படிவத்தைத் தூக்கிக் காட்டினேன். 'பெனிஃபிஷியரிஸ், ஸீரோ. வறுமையை ஒழிக்க வந்தவர்களில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள்!' என்றேன். இருநூறு பேர் சிரித்தார்கள். எனக்கும் நான் சொன்னது பிடித்திருந்தது.

'சார், ரெண்டாவது பக்கம்...' என்று ஆரம்பித்தாள். நான் மணியை அடித்துவிட்டேன். நேரம் முடிந்தது என்று பொருள். உண்மையில் ஒரு நிமிடம் மீதி இருந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் போடுகிற நீலச் சட்டையோடு ஓர் அம்மாள். மகளுக்காக ஒரு வேளை அனுமதி வாங்கி வந்திருக்க வேண்டும். எல்லோரும் சிரிக்க, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அணியைக் கூப்பிட்டேன்.

பரிசு அந்த ஒரு லட்சம் போட்ட அணிக்குப் போனது. ஏதோ ஒரு ஆப். நேற்று என் போனில் அதைத் தேடினேன். இல்லை.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். அன்று பிற்பகல் முழுவதும் பரணில் பழைய ஃபைல்களைத் துழாவினேன். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்ட சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

'கல்யாணப் பத்திரிகையில உள்பக்கம் திருப்பாம, தப்பான மண்டபத்துல போய் சாப்பிட்டவர்தானே நீங்க' என்றாள். 'அங்க பாயசம் நல்லா இருந்ததுன்னு வேற சொன்னீங்க.'

ஃபைல் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

'பார்ட்னர்ஸ்' என்று தலைப்பு. அதன் கீழ் இருபத்தாறு பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் பெட்டி எண், எந்த இருக்கை, எந்த ஸ்டேஷன் வரை உட்காருவார், எந்த ஸ்டேஷனில் எழுந்து யாருக்கு இடம் விடுவார்... ஒரு ரயிலின் உள்ளங்கை ரேகையை வரைந்து வைத்திருந்தாள் அந்தப் பெண். பங்காளி என்றாலே வெட்டுக்குத்து என்று நினைக்கிற மொழியில் பிறந்தவன் நான். இருபத்தாறு பங்காளிகளுக்கு உட்கார இடம் பிரித்துக் கொடுத்த காகிதத்தை அன்றுதான் பார்த்தேன்.

அடியில் ஒரு வரி இருந்தது. 'முதல் பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் பெனிஃபிஷியரி என்ற வார்த்தைக்கு வேறு பொருள். நேரில் சொல்கிறேன்.'

நேரில் சொல்லத்தான் வந்தாள். நான் மணியடித்தேன்.

மறுநாள் காலை அல்சூரில் மெட்ரோ ஏறி, காடுகோடியில் இறங்கி, வைட்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நிலையத்துக்கு வெளியே ஓர் ஐஸ்கிரீம் கடை. கடைக்குள் ஐஸ்கிரீம் இல்லை, அவரைப் பருப்பு! தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையுமாக மாணவர்கள் பருப்பை அலசி, டப்பாவில் அடைத்து, ஃப்ரீசருக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நந்தீஷ் என்ற பையன் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து, 'குத்கொள்ளி சார்' என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஆனேக்கல் பக்கத்து விவசாயி மகன். எஸ்தரின் வகுப்புத் தோழன். அவரைக்காய் அவன் ஊரிலிருந்து வருகிறது. ஐஸ்கிரீம் கடையில் எதற்கு என்று கேட்டேன். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பெங்களூரில் யார் சார் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள் என்று திருப்பிக் கேட்டான். ஃப்ரீசர் சும்மா தூங்கும் மாதங்களும் அவரை காய்க்கும் மாதங்களும் ஒன்றுதான். கடைக்காரரிடம் போய்ப் பேசினார்களாம். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நான் எத்தனை வருடம் 'வளங்களைப் பயன்படுத்துதல்' என்று கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஒரு தடவையாவது ஒரு ஐஸ்கிரீம் கடையைத் திரும்பிப் பார்த்திருப்பேனா?

ஆனால் இந்தக் கடை கிடைப்பதற்கு முன் ஒரு வருடம் வீணானது என்றும் அவனே சொன்னான். கல்லூரியில் அறை கிடைக்காததால் முதல் பருவத்தில் பருப்பு மதியத்துக்குள் புளித்துப்போனது. மூட்டை மூட்டையாக ஆனேக்கல்லில் மாட்டுக்குப் போட்டார்கள். பாதிப் பெண்கள் விலகிவிட்டார்கள். 'யாரோ ஒரு ஜட்ஜ் சார்... படிக்காமயே தள்ளிட்டாராம்' என்றான் பையன், டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியபடி.

நான் ஸ்டூலில் இருந்து எழுந்தேன். அந்த நேரம் பார்த்து எஸ்தர் உள்ளே வந்தாள். இப்போது முதுகலை படிக்கிறாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். படிக்கவில்லை, கேலி செய்தேன், ஒரு நிமிடம் மீதி இருக்கும்போதே மணியடித்தேன், தப்பு என்னுடையது. நந்தீஷின் கையில் ஸ்டிக்கர் அப்படியே நின்றது.

எஸ்தர் வலைத்தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். பிறகு, மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறீர்களா என்றாள். கேட்கிறேன் என்றேன்.

சுரங்கம் மூடிய பிறகு அவர்கள் ஊரில் வேலை இல்லை. நிவாரணம், பயிற்சி, திட்டம் என்று பட்டியல்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வார்த்தை. பெனிஃபிஷியரி. பட்டியலில் பேர் வருமா என்று ஆண்கள் டீக்கடை வாசலில் காத்திருந்தார்கள்... வருடக்கணக்கில். வார்த்தை தேய்ந்து 'பெனிபிசரி' ஆயிற்று. அப்புறம் வசவாயிற்று. எழுந்து ஒரு வேலையும் செய்யாதவனை, 'அந்தப் பெனிபிசரி கீறானே' என்பார்களாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போது, 'போடா பெனிபிசரி மவனே!'

'எங்க அம்மா காலையில ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம் ரயில்ல இருக்காங்க சார். அந்த நாலு மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாம கெடந்துச்சு. அதை அவங்களே எடுத்துக்கிறாங்க. அவங்களைப் போய் நான் அந்தக் கட்டத்துல எப்படி எழுதுவேன்?'

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடமும் கேட்க வேண்டும் என்றேன்.

அதற்குத்தான் எஸ்தரின் முகம் மாறியது. 'வேணாம் சார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. மைக் சரியா கேட்கல, எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்னாங்க. இன்னா ஜோக்குன்னு கேட்டாங்க. சார் என்னைப் பாராட்டினார்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க மன்னிப்புக் கேட்டா... அன்னிக்கு அவங்க யாரைப் பாத்துச் சிரிச்சாங்கன்னு தெரிஞ்சுரும்.'

மன்னிப்புக் கேட்பதுகூட ஒரு தப்பாகிவிடக்கூடிய இடத்தில் ஒருவன் நிற்பான் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். சாயங்கால ரயிலுக்கு வாங்க, சும்மா பாருங்க என்றாள்.

வந்தேன். பார்த்தேன். அதை எப்படி எழுதுவது?

நகரத்திலிருந்து வருகிற வண்டி வைட்ஃபீல்டில் நிற்கிறது. மூன்றாம் பெட்டி பிதுங்கி வழிகிறது. எஸ்தரோடு நான் ஏறுகிறேன். அவள் அம்மா ஸ்டெல்லாவும் அலுவலக வேலை முடிந்து நீலச் சட்டைக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் ஏறுகிறார்கள். வண்டி கிளம்பியதும், நகரத்தில் ஏறி அதுவரை உட்கார்ந்து உரித்துவந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. மடியில் இருந்த அவரைக்காய்ப் பையை அப்படியே கை மாற்றினார்கள். ஏறியவர்கள் உட்கார்ந்தார்கள். உரிக்க ஆரம்பித்தார்கள்.

நாள் முழுக்க நின்று வேலை செய்த பெண், ஓடுகிற ரயிலில் கிடைத்த சீட்டைத் தானாக எழுந்து கொடுக்கிறாள்! இந்த ஊரில் லிஃப்டில்கூட யாரும் நகர்ந்து நிற்பதில்லை, ஐயா.

இதற்கு என்ன பாடுபட்டார்கள் என்று எஸ்தர் சொன்னாள். ஆரம்பத்தில் சீட்டுக்காக அடிதடி. ஒருத்தி இன்னொருத்தியின் பையை ஜன்னல் வழியாக வீசிவிட்டாள். மாணவர்கள் மூன்று மாதம் தினமும் இரு வேளையும் கூடவே பயணம் செய்து, யாருக்கு முழங்கால் வலி, யார் எங்கே ஏறுகிறார் என்று குறித்து, அந்த இருக்கை வரைபடத்தைப் போட்டார்கள். அவரை இரண்டாம் பட்சம்தான். அவர்கள் கண்டுபிடித்தது, உட்காரும் முறையை! மாலையில் உரித்த கொட்டை இரவில் வீட்டில் ஊறுகிறது. மறுநாள் காலை ரயிலில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் பிதுக்கப்படுகிறது. அவரை முடிந்தால் பட்டாணி, அப்புறம் பூண்டு.

பேசிக்கொண்டிருக்கும்போதே எஸ்தரின் போன் அடித்தது. திரையில் ஒரு பெண். பின்னால் ஆறு, படகு. வங்கதேசத்துப் பல்கலைக்கழக மாணவியாம். அங்கே தையல் வேலைக்கு ஆற்றைக் கடந்து போகும் பெண்களிடம் அவள் இதே முறையைப் பழக்குகிறாள், சணல் பின்னலில். படகில் எந்த இடத்தில் ஆள் மாற்றுவது என்று சந்தேகம் கேட்கிறாள். இருபத்துச் சொச்சம் வயதில் இரண்டு பெண்கள், மாரிகுப்பம் ரயிலுக்கும் ஏதோ ஒரு படகுக்கும் நடுவே, உலகத்து வறுமையை ஒவ்வொரு சீட்டாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சிக்னல் கிடைக்கவில்லை என்று எஸ்தர் கதவுப் பக்கம் போனாள்.

நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்க வேண்டும். 'இன்னா சார் அப்படிப் பாக்குறீங்க? கை கீதில்ல?' என்று ஸ்டெல்லா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். மடியில் ஒரு பிடி அவரைக்காயையும் போட்டார். 'அன்னிக்கு மேடையில எல்லாரையும் சிரிக்க வெச்சீங்களே, அந்த சார்தானே?'

ஆமாம் என்றேன். எஸ்தர் வேண்டாம் என்றதை நினைத்து அதற்கு மேல் பேசவில்லை. காயை உரித்தேன். பாதியைக் கீழே சிந்தினேன்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பாமல், கையை நிறுத்தாமல், மெதுவாகச் சொன்னார். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எம் பொண்ணு சொல்லியிருப்பா. மைக்கு நல்லாதான் கேட்டுச்சு சார். இங்கிலீசுல எனக்கு எது தெரியாட்டியும் பெனிபிசரியும் ஸீரோவும் தெரியாதா? அந்த வார்த்தையிலதான் எங்க வூட்டுக்காரரு சாவுற வரைக்கும் குந்திக்கினு இருந்தாரு.'

'பின்னே ஏன்மா சிரிச்சீங்க?' என்றேன்.

'மேடையிலருந்து அவ என் மூஞ்சியத்தான் பாத்துனு இருந்தா. நான் அழுதா அன்னியோட படிப்பு வேணாம்னு எறங்கி வந்துருவா. சிரிச்சேன்.'

நான் தலை நிமிர்ந்தேன். போனைக் கையில் பிடித்தபடி எஸ்தர் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அம்மாவின் காலடியில், பெட்டியின் தரையிலேயே உட்கார்ந்தாள். பையில் இருந்து ஒரு கை காயை அள்ளினாள். கொஞ்சம் கழித்து, 'போம்மா' என்றாள். அவ்வளவுதான். ஸ்டெல்லா முழங்கையால் அவள் தலையில் லேசாக ஒரு இடி இடித்தார். கையில்தான் வேலை இருக்கிறதே!

அப்போது நான் மன்னிப்புக் கேட்டேன். இருவரிடமும். ரயில் சத்தத்தில் பலமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

எதிர் சீட்டுப் பெண் ஒருத்தி, யாரு ஸ்டெல்லாக்கா இந்தப் பெரியவரு, உரிக்கவும் தெரியல, எறங்கவும் மாட்டேங்கிறாரு என்று விசாரித்தாள்.

ஸ்டெல்லா என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். 'இவரா? நம்ம பெனிபிசரி.'

மூன்றாம் பெட்டி மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு நன்றாகப் புரிந்துதான் சிரித்தேன்.

மறுவாரம் கல்லூரிக்குப் போய், படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னேன். கமிட்டி கூடியது. டீ, சமோசா. நிதி தருகிறவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்களாம், எடுக்க முடியாதாம். ரொம்பவும் வாதாடியதில், முதல் பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் 'பக்கத்தைத் திருப்பவும்' என்று அச்சடிக்கச் சம்மதித்தார்கள். நாற்பது வருட வாத்தியார் வேலையில் நான் சாதித்த சீர்திருத்தம் அது.

நடுவர் வேலையை விட்டுவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் சாயங்கால ரயிலில் வழியில் வரும் மாலூர் வரை உரித்துக்கொண்டு போய், எதிர் வண்டியில் திரும்புகிறேன். சிந்துவது குறைந்திருக்கிறது. பருப்புக் காசு வருவதால் ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை விட்டுவிட்டார், மாதா கோயிலில் கடைசிப் பாட்டு வரை இருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறார். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டதற்கு, 'எழுதுங்க. ஆனா முழுசா எழுதுங்க' என்றார்.

போன வெள்ளிக்கிழமை எஸ்தர் ஒரு காகிதத்தை நீட்டினாள். அந்தப் படகுக்காரத் தோழியோடு சேர்ந்து வேறொரு போட்டிக்குப் போடும் விண்ணப்பம். அங்கேயும் அந்தக் கட்டம் இருக்கிறது. இந்த முறை அவள் பூஜ்யம் போடவில்லை. பயனாளிகள்: ஒன்று.

நான் பக்கத்தைத் திருப்பி, முழுப் பட்டியலையும் விரல் வைத்துப் படித்தேன். பார்ட்னர்களில் என் பெயர் இல்லை... இன்னும்.